எல்லையா, கரையா?

அலைச் சமன்பாடுகளில் ‘எல்லை மதிப்புக் கணக்கு’ என்று எழுதுகிறோம். எல் என்றால் ஒளி; சங்கத் தமிழில் எல்லை பகலையும் கதிரவனையும்கூடக் குறித்தது. இன்று வரம்பு என்ற பொருளே மிஞ்சியிருக்கிறது. கணக்கிலும் அந்த வரம்புதான் சிக்கல். ஆழமற்ற நீரின் அலைகளை விவரிக்கும் கார்டெவெக்–டி விரீஸ் சமன்பாட்டை முடிவிலாக் கோட்டில் தீர்க்கும் வழி 1967-இல் கிடைத்தது. ஓரம் ஒன்று வந்தால் அவ்வழி தடுமாறும்; அங்கே வேண்டிய மதிப்புகள் எல்லாம் முன்பே தெரிவதில்லை. அதற்குக் கணிதவியலர் ஃபோகாஸ் 1997-இல் ஒருங்கிணைந்த முறையைத் தந்தார். குமரி மாவட்டத்து இனயம் கடற்புறத்தில் நிற்கும்போது எனக்குக் ‘கரை மதிப்பு’ என்பதே பிடிக்கிறது. கரை கடலுக்கும் உண்டு, வேட்டிக்கும் உண்டு. ஊர் நிலத்தின் பங்குக்கும் அதுவே பெயராக இருந்தது. கரைதல் என்றால் தேய்தலும்தான். அரிப்பைத் தடுக்கும் கற்சுவரான தூண்டில் வளைவைக் கேட்கும் இக்கடலோரத்தில் ஓரம் நிலையாக நிற்பதில்லை. நகரும் ஓரத்துக் கணக்குகளுக்கு இச்சொல் இன்னும் நன்றாகப் பொருந்தும்.