ரொட்டிப் புட்டிங்

ரொட்டிப் புட்டிங் என்பது ஓரிரு நாட்களான ரொட்டித் துண்டுகளைப் பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றின் கலவையில் ஊறவைத்து, ஓவனில் சுட்டோ ஆவியில் அவித்தோ செய்யப்படும் ஓர் இனிப்பு உணவாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பிரெட் புட்டிங் என்று அழைக்கப்படுகிறது. இங்கு ரொட்டி என்பது நொதிக்கவைத்த மாவில் பேக்கரிகளில் செய்யப்படும் பிரெட்டைக் குறிக்கும்; சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டிகளைக் குறிக்காது.

மீந்த ரொட்டியை வீணாக்காமல் உண்பதற்கான சிக்கன உணவாகத் தோன்றிய இது, வெண்ணெய், பாலாடை, முந்திரி முதலியவை சேர்க்கப்பட்டு இன்று விருந்துகளில் பரிமாறப்படும் இனிப்பாக மாறியுள்ளது.

பெயர்

புட்டிங் என்ற ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் விலங்குகளின் குடலில் இறைச்சி முதலியவற்றை அடைத்து அவித்த உணவைக் குறித்தது. பின்னர் துணியிலோ பாத்திரத்திலோ வைத்து அவிக்கப்பட்ட இனிப்புகளுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. ஒலியில் ஒத்திருந்தாலும் தமிழரின் புட்டு அல்லது பிட்டு என்ற உணவின் பெயருடன் இச்சொல்லுக்குத் தொடர்பில்லை.

இலங்கைத் தமிழில் பேக்கரி ரொட்டிக்குப் பாண் என்று பெயர். இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல்லாகும். வட இந்தியாவிலும் ஐதராபாத்திலும் இதற்கு டபுள் ரொட்டி என்ற பெயர் உண்டு. இதிலிருந்தே ஐதராபாத்தின் டபுள் கா மீட்டா என்ற இனிப்பு பெயர் பெற்றது.

வரலாறு

ரொட்டியைப் பாலில் நனைத்து இனிப்பாக்கும் வழக்கம் மிகப் பழமையானது. பண்டைய உரோமின் சமையல் நூலாகிய அப்பீசியசில், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, பொரித்து, தேன் ஊற்றி உண்ணும் முறை காணப்படுகிறது. பிரெஞ்சு மக்கள் இவ்வகை உணவை 'இழந்த ரொட்டி' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். எகிப்தின் உம் அலி, மெக்சிகோவின் கப்பிரொத்தாடா, வட இந்தியாவின் சாகி துக்கடா ஆகியனவும் இதற்கு உறவான உணவுகளாகும்.

இங்கிலாந்தில் 1747 ஆம் ஆண்டு வெளிவந்த ஹன்னா கிளாசின் சமையல் நூலில் ரொட்டிப் புட்டிங் செய்முறைகள் இடம்பெற்றுள்ளன. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வுணவு இந்தியாவுக்கும் வந்தது. ஐரோப்பியர் இல்லங்களிலும் தங்கும் விடுதிகளிலும் பணியாற்றிய உள்ளூர்ச் சமையற்காரர்கள் இதனைச் செய்யக் கற்றனர். சென்னையில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு ஐரோப்பிய உணவுகளைச் சமைப்பது குறித்துக் கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி எழுதிய நூல் 1878 இல் வெளியானது. ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் புட்டிங் வகைகள் இன்றும் செய்யப்படுகின்றன.

தமிழகத்து வீடுகளில் ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல் கண்டோருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் உணவாகவே கருதப்பட்டது. 1965 இல் இந்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர், துண்டு போடப்பட்டு உறையிலிடப்பட்ட ரொட்டி நகரங்களில் பரவலாயிற்று. இந்நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் தனியாருக்கு விற்கப்பட்டது. ரொட்டி அன்றாடப் பொருளானதும், உண்டது போக எஞ்சிய துண்டுகளை என்ன செய்வது என்ற கேள்வியும் வீடுகளுக்குள் வந்தது. பிரெட் உப்புமா, பிரெட் அல்வா, பிரெட் புட்டிங் ஆகியன அதற்குக் கிடைத்த விடைகளாகும்.

பழைய ரொட்டி ஏன்?

புதிய ரொட்டியைவிட ஒரு நாள் அல்லது இரண்டு நாட்கள் ஆன ரொட்டியே புட்டிங்கிற்கு ஏற்றது. ரொட்டி இறுகுவதற்கு ஈரம் உலர்வது மட்டும் காரணமன்று. சுடும்போது நீரை உறிஞ்சி இளகிய மாப்பொருள், ஆறிய பின்னர் மீண்டும் ஒழுங்கான படிக அமைப்பைப் பெறுகிறது. இதனால் ரொட்டியின் உட்பகுதி விறைப்படைகிறது. இவ்வாறு இறுகிய துண்டு பாலை உறிஞ்சினாலும் வடிவம் கெடாமல் நிற்கும். புதிய ரொட்டி விரைவில் குழைந்து கூழாகிவிடும்.

குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில் இம்மாற்றம் அறை வெப்பநிலையைவிட விரைவாக நிகழ்கிறது. எனவே குளிர்பதனப் பெட்டியில் வைத்த ரொட்டி எளிதில் பூஞ்சை பிடிக்காது. ஆனால் சீக்கிரம் இறுகிவிடும். அப்படியே உண்பதற்குக் குறையாக அமையும் இப்பண்பு, புட்டிங்கிற்கு நன்மையாகிறது. புதிய ரொட்டி மட்டுமே கைவசம் இருந்தால் துண்டுகளைத் தோசைக்கல்லில் இட்டு இலேசாக வாட்டிக்கொள்ளலாம்.

தேவையான பொருட்கள்

கீழ்க்காணும் அளவு 6 பேருக்குப் போதுமானது.

- ரொட்டி: 300 கிராம் (ஏறத்தாழ 10 துண்டுகள்)
- கொழுப்பு நீக்காத பால்: 600 மில்லிலீட்டர்
- பாலாடை: 100 மில்லிலீட்டர்
- முட்டை: 4
- சர்க்கரை: 100 கிராம்
- கேரமலுக்குச் சர்க்கரை: 100 கிராம்
- வெண்ணெய்: 50 கிராம்
- உலர்ந்த திராட்சை: 50 கிராம்
- முந்திரிப்பருப்பு: 30 கிராம்
- ஏலக்காய்த் தூள் அல்லது வெனிலா எசன்ஸ்: 1 தேக்கரண்டி
- உப்பு: ஒரு சிட்டிகை

தமிழகப் பேக்கரிகளில் சால்ட் பிரெட், ஸ்வீட் பிரெட் என இரு வகைகள் விற்கப்படுகின்றன. மேற்கண்ட அளவு சால்ட் பிரெட்டுக்கு உரியது. ஸ்வீட் பிரெட் அல்லது பன் பயன்படுத்தினால், பாலில் சேர்க்கும் சர்க்கரையை 70 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

1. அடி கனமான, ஆவியில் வைக்கத்தக்க பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையுடன் 2 மேசைக்கரண்டி நீர் சேர்த்துச் சிறு தீயில் காய்ச்ச வேண்டும். பாகு தேன் நிறமடைந்தவுடன் இறக்கி, பாத்திரத்தின் அடியெங்கும் பரவுமாறு சாய்க்க வேண்டும். இதுவே கேரமல் ஆகும். கருநிறமானால் கசக்கும். பாகு கொதிநீரைவிட மிகுந்த சூடுடையதாதலால் கையில் படாமல் கவனிக்க வேண்டும்.
2. ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவி, நான்காக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரங்களை நீக்கத் தேவையில்லை.
3. பாலையும் பாலாடையையும் சேர்த்து வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அதில் 100 கிராம் சர்க்கரையையும் உப்பையும் கரைக்க வேண்டும்.
4. முட்டைகளை நுரை பொங்காதவாறு அடித்து, பாலைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிக்கும் பாலை ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். பின்னர் கலவையை வடிகட்டி, ஏலக்காய்த் தூள் சேர்க்க வேண்டும்.
5. கேரமல் இறுகிய பாத்திரத்தில் ரொட்டி, திராட்சை, முந்திரி ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து, கலவையை ஊற்றி 30 நிமிடம் ஊறவிட வேண்டும். மேலே மிதக்கும் துண்டுகளைக் கரண்டியால் அமுக்கிவிட வேண்டும்.
6. ஆவிநீர் உள்ளே சொட்டாதவாறு பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடி, இட்லிப் பானையிலோ வெயிட் போடாத பிரஷர் குக்கரிலோ சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் அவிக்க வேண்டும். நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
7. நடுவில் கத்தியைச் செருகினால் ஒட்டாமல் வரவேண்டும். ஆறிய பின்னர் 4 மணி நேரம் குளிரவைத்து, ஓரங்களைக் கத்தியால் விடுவித்துத் தட்டில் கவிழ்க்க வேண்டும். இளகிய கேரமல் மேலே வழிந்து நிற்கும்.

ஓவன் உள்ளவர்கள் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி, 170 பாகை செல்சியசில் 45 முதல் 50 நிமிடம் சுடலாம்.

வெப்பமும் பதமும்

புட்டிங்கை இறுகச் செய்வது முட்டையிலுள்ள புரதமாகும். தனி முட்டை 60 முதல் 70 பாகை செல்சியசிலேயே இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவை இறுக ஏறத்தாழ 80 பாகை தேவை. வெப்பம் இதற்கு மேல் அதிகமாக உயர்ந்தால் புரதம் சுருங்கி நீரை வெளியேற்றும். புட்டிங்கில் துளைகள் விழும்.

பிரஷர் குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரை உயரும். இதனாலேயே வெயிட்டை நீக்கிவிட்டு அவிக்கும்படி கூறப்படுகிறது. ஓவனில் வெந்நீர்த் தட்டு வைப்பதும், பாத்திரத்தைச் சுற்றிய வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாமல் காப்பதற்கே ஆகும்.

சேலம் வட்டாரத்தில்

அஸ்தம்பட்டி சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றாகும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலை இப்பகுதி வழியே செல்கிறது. இங்கு வீட்டில் புட்டிங் செய்வோர்க்கு வேண்டிய பொருட்கள் பல அண்மையிலேயே கிடைப்பனவாகும். 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல், இந்தியாவின் முக்கிய முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று. சேலம் மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. கோடையில் மாம்பழத் துண்டுகளைப் புட்டிங்குடன் பரிமாறலாம். ஏற்காடு மலையில் காப்பி 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்னால் அறிமுகப்படுத்தப்பட்டது. 50 மில்லிலீட்டர் பாலுக்குப் பதிலாகக் கெட்டியான காப்பி டிகாக்சன் சேர்த்தால் கேரமலின் இலேசான கசப்புடன் அது நன்கு பொருந்தும்.

ஓமலூர்ப் பகுதியில் காய்ச்சப்படும் வெல்லத்தையும் சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். ஆனால் சூடான பாலில் வெல்லத்தை இட்டால் பால் திரிய வாய்ப்புண்டு. எனவே வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்த பின்னரே ஆறிய பாலில் சேர்க்க வேண்டும்.

பிற வகைகள்

- முட்டை சேர்க்காத புட்டிங்: முட்டைக்கு மாற்றாகக் கஸ்டர்டு தூள் பயன்படுகிறது. முட்டை ஒவ்வாமை கொண்ட தம் மனைவிக்காக ஆல்பிரட் பேர்டு என்பவர் 1837 இல் பர்மிங்காமில் இதனை உருவாக்கினார். இதன் முக்கியப் பொருள் சோள மாவாகும். 700 மில்லிலீட்டர் பாலில் 3 மேசைக்கரண்டி தூளைக் கட்டியின்றிக் காய்ச்சி, ரொட்டியின் மேல் ஊற்றிக் குளிரவைத்தால் போதும், அவிக்கத் தேவையில்லை.
- பிரெட் அல்வா: ரொட்டித் துண்டுகளை நெய்யில் வறுத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிச் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டு முசுலிம் திருமணங்களில் பிரியாணியுடன் பரிமாறப்படுவது வழக்கம்.
- வட்டிலப்பம்: ரொட்டி சேராதது. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை ஆவியில் அவித்துச் செய்யப்படும் இவ்வுணவு இலங்கை முசுலிம்களிடையே புகழ்பெற்றது. முட்டையும் பாலும் ஆவியில் இறுகும் முறை இரண்டிலும் ஒன்றே.

பழைய ரொட்டியும் கெட்ட ரொட்டியும்

இறுகிய ரொட்டி வேறு, கெட்டுப்போன ரொட்டி வேறு. பச்சை, கருப்பு அல்லது வெண்ணிறப் பூஞ்சை ஓரிடத்தில் தென்பட்டாலும் அந்த ரொட்டியைப் பயன்படுத்தக் கூடாது. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தையும் தாண்டி உள்ளே ஊடுருவியிருக்கும். ஆதலால் அப்பகுதியை மட்டும் வெட்டி நீக்குவது போதாது. சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சுப் பொருட்கள் வேகவைப்பதால் முழுமையாக அழிவதில்லை. நூல் போல இழுபடும் பிசுபிசுப்போ புளித்த நாற்றமோ உடைய ரொட்டியும் விலக்கத்தக்கது.

சேமிப்பு

புட்டிங்கில் பாலும் முட்டையும் உள்ளதால் அறை வெப்பநிலையில் விரைவில் கெடும். செய்து முடித்த 2 மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்; கோடை வெப்பத்தில் இதனினும் விரைவாக வைப்பது நல்லது. மூடிவைத்தால் 3 நாட்கள் வரை உண்ணலாம். மீண்டும் சூடாக்கி உண்ண விரும்பினால், தேவையான அளவை மட்டும் எடுத்துச் சில நிமிடங்கள் ஆவியில் வைத்துக்கொள்ளலாம்.