ஒரு மீட்டர் குழியும் காணாமப் போன சனங்களும்

ராத்திரி சர்வர் படுத்துடுச்சு. லாக் ஃபைல் எதுவும் இல்லை. எவ்வளவு டேட்டா போச்சுன்னு காலையில் மேனேஜர் கேட்டால் என்ன சொல்வீங்க? நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்கு இந்த வலி தெரியும் :-) இங்கிலாந்து வரலாற்று ஆய்வாளர்களுக்கும் கிட்டத்தட்ட இதே தலைவலிதான்.

1348-ல் பிளேக் இங்கிலாந்துக்குள் வந்தது. மூணில் ஒரு பங்கு சனம் செத்ததுன்னு ஒரு கட்சி, பாதி செத்ததுன்னு இன்னொரு கட்சி. ஏன் இந்தக் குழப்பம்? 1086-ல் டூம்ஸ்டே கணக்கு எடுத்தார்கள். அதற்கப்புறம் நாடு முழுக்கத் தலை எண்ணியது 1377 தலைவரிக்குத்தான். நடுவில் 291 வருஷம் ஓட்டை! பாதிரியார் செத்தால் அந்த இடத்துக்கு வேற ஆள் போட்ட பதிவு இருக்கும். கூலிக்காரன் செத்தால் யார் எழுதி வைப்பார்கள்?

இங்கேதான் காரென்ஸா லூயிஸ் வருகிறார். 'டைம் டீம்' டிவி நிகழ்ச்சியில் வந்த தொல்லியலாளர். அதுவரை இந்த ஆராய்ச்சியில் ஆளில்லாமல் பாழான கிராமங்களுக்குத்தான் மவுசு. இவரோ இன்றைக்கும் மக்கள் குடியிருக்கும் ஊர்களுக்குப் போனார். வீட்டுத் தோட்டத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி. பத்து சென்டிமீட்டர் பத்து சென்டிமீட்டராக இறங்கணும், மண்ணைச் சலிக்கணும், கிடைத்த ஓட்டாஞ்சில்லைத் தனித்தனிப் பையில் போடணும். தோண்டியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும்தான்.

ஏன் ஓட்டாஞ்சில்? ஏழை வீட்டிலும் பானை உடையும். உடைந்தது கொல்லைக்குப் போகும். அது மக்காது. வனைந்த விதத்தைப் பார்த்தே அது எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடலாம்.

2016-ல் 'ஆன்டிக்விட்டி' இதழில் முடிவு வெளியானது. கிழக்கு இங்கிலாந்தில் 55 ஊர்கள், சுமார் 2000 குழிகள். பிளேக்குக்கு முந்தைய ஓடு கிடைத்த குழிகளோடு ஒப்பிட்டால், பிந்தைய ஓடு கிடைத்த குழிகள் சராசரியாக 45 சதவீதம் குறைவு!

"சனம் அப்படியேதான் இருந்திருக்கும், பானை வாங்குவதைக் குறைத்திருப்பார்கள்"னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் யோசிச்சேன். ஆனால் பிளேக்குக்கு அப்புறம் ஆள் பஞ்சத்தில் கூலி ஏறியது, பிழைத்தவர்கள் கையில் காசு புரண்டது. அப்போ பானை கூடத்தானே செய்யணும்? குறைஞ்சிருக்கு என்றால் ஆளே இல்லைன்னுதான் அர்த்தம்.

ஒண்ணு மட்டும் கவனம். இந்த 45 அப்படியே சாவுக் கணக்கு இல்லை. 1361-ல் பிளேக் மறுபடி வந்தது. பிழைப்பு தேடி ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனாலும் 'பாதி' கட்சிக்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

ராஜாக்கள் கல்வெட்டு, கோட்டை என்று எதையாவது விட்டுப் போகிறார்கள். எந்தப் பதிவிலும் பேர் ஏறாத ஒரு குடும்பம் விட்டுப் போனது கட்டை விரல் அளவு ஓட்டாஞ்சில். 650 வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு அதைச் சலித்து எடுத்த பிறகுதான், அவர்களும் கணக்கில் வருகிறார்கள்.