லுத்தரின் மரபு: தரங்கம்பாடியும் மலாக்காவும்

மார்ட்டின் லுத்தர் (1483–1546) ஜெர்மானியத் துறவி. விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமப் பேராசிரியர். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 1517 அக்டோபர் 31-ல் அவர் முன்வைத்த 95 கருத்துரைகளே புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்தன. தமிழரிடையே அவருடைய மரபு 1706-ல் தரங்கம்பாடியில் வேரூன்றியது. பின்னர் அது புலம்பெயர்ந்தவர்களோடு கப்பலேறி மலாயா வந்தது.

மனிதன் தன் புண்ணியத்தால் அல்ல, கடவுளின் கிருபையால், விசுவாசத்தினாலேயே மீட்படைகிறான் என்பது லுத்தரின் போதனை. இதிலிருந்து ஒரு நடைமுறைத் தேவை பிறந்தது. விசுவாசம் ஒவ்வொருவருக்கும் உரியது என்றால் வேதம் ஒவ்வொருவருக்கும் புரிய வேண்டும். அதனால் 1522-ல் புதிய ஏற்பாட்டையும் 1534-ல் முழு வேதாகமத்தையும் மக்கள் பேசும் ஜெர்மன் மொழியில் தந்தார். 1529-ல் குடும்பத்தலைவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். சபையார் தாங்களே பாடுவதற்குப் பாட்டுகளும் இயற்றினார். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று வாதிட்டார். தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்தது இந்த நான்கும்தான்: வேதம், ஞானோபதேசம், பாட்டு, பள்ளி.

மலாக்காவில் எழுந்த ஆலயம்

சீர்திருத்த சமயம் 1706-க்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்டது. 1641-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் லுத்தரை அல்ல, கால்வினைப் பின்பற்றியவர்கள். 1741-ல் அடிக்கல் நாட்டி 1753-ல் அவர்கள் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம் இன்றும் நகரின் நடுவே சிவப்பாக நிற்கிறது. ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் செதுக்கிய கூரை உத்திரங்களும் தரையில் பதித்த கல்லறைக் கற்களும் அதன் சிறப்பு. ஆனால் அது ஆளுவோரின் ஆலயம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் தொழுத இடம். நகரில் தமிழ் வணிகர்கள் பல தலைமுறையாக வாழ்ந்தும், லுத்தரின் மரபு தமிழ் பேசியது கடலுக்கு அந்தப்பக்கம், ஒரு சிறிய டேனிஷ் கோட்டை ஊரில்தான்.

தரங்கம்பாடி

டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ ஆகிய இரு ஜெர்மானியர் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடி வந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது 23. அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். சிறிது காலத்திலேயே லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அந்த ஊரின் டேனிஷ் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

1708-ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ல் முடித்தார். அச்சிடுவது அதைவிடப் பெரும்பாடு. அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ அரிது. ஆகவே பக்கத்திலுள்ள பொறையாரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து வேலையைத் தொடர்ந்தார்கள். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-லும், முழுப் புதிய ஏற்பாடு 1715-லும் வெளிவந்தன. தமிழ் எழுத்து அச்சில் ஏறியது இதுவே முதல்முறை அல்ல. 1578-ல் கொல்லத்தில் கத்தோலிக்கர் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்துக்கே அந்தப் பெருமை. தரங்கம்பாடியின் சாதனை, தமிழ் அச்சைத் தொடர்ந்து நடக்கும் தொழிலாக்கி அதைப் பள்ளியோடு இணைத்தது. சீகன்பால்கு 1719-ல் 36 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த ஆரோன் 1733 டிசம்பர் 28-ல் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் குருவானார். இந்தப் பெருமையோடு சேர்த்தே ஒரு கறையையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தெடுத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர் குலத்தவர் என்பதால், அவருக்குக் குருப்பட்டம் தர மிஷனெரிகள் தயங்கினர். 1741-ல் அவருக்குப் பதிலாகத் தியோகு என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்று லுத்தர் எழுதியிருக்க, அவர் பெயர் தாங்கிய சபையே சாதிக்குப் பணிந்தது. ஆலயத்தில் தனித்தனி இருக்கை என்னும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை (த.சு.லு.தி.) இந்தச் சுமையையும் சேர்த்தே சுமந்தது.

மலாயாவில்

தோட்டத் தொழிலாளர் கப்பலேறிய நாகப்பட்டினம் தரங்கம்பாடிக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. 1896-ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்ட பிறகு, மாநிலமெங்கும் பால் மரத் தோட்டங்கள் பரவின. கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் மூதாதையர் வந்தது இந்த அலையில்தான். லயத்து மக்களில் பெரும்பாலோர் அம்மனையும் முனியாண்டியையும் வணங்கியவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. அவற்றிலும் கத்தோலிக்கர் உண்டு. லுத்தரன் குடும்பங்கள் நகரத்தில்தான் திரண்டன. கோலாலம்பூரில் ரயில்வே ஊழியர் மிகுந்த பிரிக்பீல்ட்ஸில் 1924-ல் சீயோன் லுத்தரன் ஆலயம் எழுந்தது. த.சு.லு.தி.யின் கிளையாக இருந்த இதுபோன்ற சபைகள் 1960-களில் மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தனித்து நின்றன.

லுத்தரின் தாக்கத்தை லுத்தரன் என்ற பெயர்ப் பலகைக்குள் அடைத்துவிட முடியாது. 1738 மே 24-ல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டு ஜான் வெஸ்லி மனமாற்றம் அடைந்தார். அவர் வழிவந்த மெதடிஸ்டுகளின் பணி 1885-ல் சிங்கப்பூரில் தொடங்கித் தீபகற்பத்துக்குப் பரவியது. மலேசியாவில் மெதடிஸ்டுகளுக்குத் தமிழ்ச் சபைகளுக்கென்றே தனி மாநாடு உண்டு. தமிழ் ஆராதனைகளில் பாமாலையும் கீர்த்தனையும் அடுத்தடுத்து ஒலிக்கும். ஜெர்மன் ராகத்தில் அமைந்த பாட்டு முடிந்ததும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனை கர்நாடக இராகத்தில் எழும். சபையார் தம் மொழியில் தாமே பாட வேண்டும் என்ற லுத்தரின் விருப்பம் அவர் கேட்டிராத இசையில் நிறைவேறியதை அவர் மரபின் மிக அழகிய பகுதி எனலாம்.

லுத்தரின் எழுத்து முழுவதும் ஏற்கத்தக்கதல்ல. 1525-ல் கலகம் செய்த குடியானவர்களை அடக்கும்படி பிரபுக்களைத் தூண்டினார்; 1543-ல் யூதரை இழித்து நூல் எழுதினார். அந்த வெறுப்பை லுத்தரன் உலகச் சம்மேளனம் 1984-ல் வெளிப்படையாகத் தள்ளிவிட்டது. 1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் அந்தச் சம்மேளனமும், நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன; 2006-ல் உலக மெதடிஸ்டு மன்றமும் அதில் இணைந்தது. டச்சு ஆட்சி ஒடுக்கிய கத்தோலிக்கர் 1710-ல் கட்டிய புனித பேதுரு ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ள மலாக்காவில், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் ஆகிய இரு தரப்புச் சபைகளுக்கும் பொதுவான அறிக்கை அது.