அரக்கு உடையாத பொட்டலம்

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். மார்கழியிலும் தையிலும் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும். களத்தில் காய்ந்த கொட்டையை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள். கோணி ஊசியால் வாயைத் தைத்ததும் முடிச்சின் மேல் ஈயக் குண்டு ஒன்றை வைத்து இடுக்கியால் நசுக்குவார்கள். அப்பா பேரேட்டைத் திறந்து மூட்டை எண், எடை, எந்தக் காட்டுப் பழம், எந்த நாள், ஏற்றிவிட்டவர் யார் என்று வரிசையாக எழுதுவார். கையெழுத்து வாங்காமல் ஒரு மூட்டையும் நகராது.

எட்டு வயதில் அவரிடம் கேட்டேன், "உள்ள காப்பிதான்னு எல்லாருக்கும் தெரியுமே, எதுக்குப்பா இவ்வளவு எழுதணும்?" அவர் பேனாவை மூடாமலே சொன்னார்: "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். கீழ சேலத்துல பிரிக்கிறவனுக்கு எப்படிக் கண்ணு தெரியும்? அவனுக்கு இந்தக் காயிதம்தான் பேசும்."

பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் தடய அறிவியல் துறையின் நஞ்சியல் பிரிவில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றதும் மலைக்கே திரும்பிவிட்டேன். போன வருஷம் ஒரு பெண் அதிகாரி என்னைத் தேடி வந்தார். ஒரு வட்டார ஆய்வகத்தின் பொறுப்பு அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. "எல்லாக் கருவியும் ஓட்டத் தெரியும் சார். ஆய்வகத்தை ஓட்ட யார் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. முழுப் பதிலைச் சொல்ல நம் ஆய்வகங்களின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

தொடக்கம் இந்த மலையிலேயே கிடைக்கிறது. சேலம் கலெக்டராக 1820-களில் இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். ராபர்ட் புரூஸ் ஃபூட்டை அவ்வளவு பேருக்குத் தெரியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று காட்டியவர். பிற்காலத்தில் ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தார். இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவு போற்றப்படுகிறது. இந்த மலையின் மலையாளி பழங்குடி மக்கள், வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கியதையும் அவர் கவனித்தார்.

அவர் சேகரித்த பொருட்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. அவற்றின் விளக்கப் பட்டியல் 1914-லும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-லும் அவர் இறந்த பிறகு அச்சாயின. பட்டியலைப் புரட்டினால் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் இருக்கும், அது எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இருக்கும். ஊர் பெயர் தொலைந்துபோன கல் ஆராய்ச்சிக்கு உதவாது. கொலை நடந்த இடத்தில் எடுத்த கத்திக்கும் இதே விதிதான். யார் எடுத்தது, எங்கே எடுத்தது, யார் கைக்கு மாறியது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

சட்டத்துக்காக ஒரு பொருளைச் சோதிக்கும் வேலை நம் நாட்டில் சென்னையில்தான் தொடங்கியது. 1849-ல் இங்கே அரசு ரசாயனப் பரிசோதகரின் கூடம் ஏற்பட்டது. கல்கத்தாவில் 1853-லும், ஆக்ராவில் 1864-லும், பம்பாயில் 1870-லும் இதே போன்ற கூடங்கள் வந்தன. இவை மருத்துவத் துறையைச் சேர்ந்தவை. தலைமையில் மருத்துவமும் ரசாயனமும் படித்தவர் இருப்பார். போலீசுக்காக வேலை செய்தாலும் போலீசுக்குக் கீழே அவர் இல்லை. இந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பெரிய எதிரி பாஷாணம், அதாவது ஆர்செனிக். அதைக் கண்டுபிடிக்க ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கில ரசாயனர் 1836-ல் ஒரு வழியை வெளியிட்டார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் வாயு கிளம்பும். அதில் சந்தேகப் பொருளைக் கலந்து, வாயு போகும் கண்ணாடிக் குழாயை ஓரிடத்தில் சுட வைத்தால், பாஷாணம் இருக்கும்போது குழாயின் குளிர்ந்த பக்கத்தில் கறுப்பாக, பளபளவென்று ஒரு படலம் ஒட்டும். நான் படித்த காலத்தில் இதைச் செய்து காட்டினார்கள். முதலில் லேசான பழுப்பு நிழல், பிறகு முகம் தெரிகிற அளவுக்கு மினுமினுப்பு. அந்தப் படலத்தைப் பார்க்கிறபோது வயிறு ஒரு முறை கலங்கும்.

ஆனால் துத்தநாகத்திலேயே பாஷாணம் கலந்திருக்கலாம். அப்போதும் படலம் ஒட்டும், குற்றமற்றவர் தூக்குமேடை ஏறுவார். பிரான்சில் 1840-ல் நடந்த மாரி லாஃபார்ஜ் வழக்கில் உள்ளூர் நிபுணர்கள் தடுமாற, பாரிசிலிருந்து மாத்யூ ஓர்ஃபிலா வரவழைக்கப்பட்டார். சோதனையில் சேரும் ஒவ்வொரு ரசாயனத்தையும் முதலில் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது அத்தகைய வழக்குகள் கற்றுத்தந்த பாடம். இன்றும் பிரேதப் பரிசோதனை முடிந்து உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்பும்போது, வெறும் உப்புக் கரைசல் ஒரு குப்பியில் தனியாக வரும். பார்ப்பவர்களுக்கு அது வீண் சுமை. எங்களுக்கோ முதலில் கேட்கும் குப்பியே அதுதான்.

அந்தப் பரிசோதகர்களுக்குப் பயிற்சி எங்கே கிடைத்தது? பெரும்பாலும் புத்தகத்தில். நார்மன் செவர்ஸ் வங்காளத்துக்காக எழுதிய சட்ட மருத்துவக் கையேடு 1856-ல் வந்தது, பம்பாய் பரிசோதகர் லயன் எழுதியது 1888-ல், மோடி எழுதியது 1920-ல். ஊமத்தையும் அரளியும் எட்டியும் குன்றிமணியும் ஐரோப்பியப் பாடநூலில் சரியாக இருக்காது. இந்த நாட்டு நஞ்சை இந்த நாட்டில் வேலை பார்த்தவர்தான் எழுத முடியும்.

சேலத்துப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ஒடுவன் தழையைச் சொல்லத் தேவையில்லை. சேர்வராயன் அடிவாரத்துக் காய்ந்த காடுகளில் புதர் புதராக நிற்கும் மரம். அந்தத் தழையால் போன உயிர்கள் பல, பெரும்பாலும் இளம் உயிர்கள். ஆய்வகத்தில் சாற்றைப் பிரித்து, மெல்லிய தகட்டில் ஓடவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெளியே யாரோ ஒரு தாய் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வரும். மரணம் எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்லும் கடமை எங்களுடையது. அவசரத்தில் தவறாகச் சொன்னால் அவள் காலமெல்லாம் அதைச் சுமப்பாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பொட்டலம் ஒன்று வந்தது. மாஜிஸ்திரேட் கோர்ட் கடிதத்தோடு காவலர் ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். துணிப் பொட்டலத்தில் ஆறு அரக்கு முத்திரைகள் இருக்க வேண்டும். ஐந்துதான் முழுசாக இருந்தன. ஆறாவது விரிசல் விட்டு, நூல் தளர்ந்திருந்தது. என்னுடைய அன்றைய தலைவர் மேசைக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கடிதத்தில் இருந்த மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டார். "திருப்பி அனுப்புங்க. என்ன நிலைமையில வந்துச்சுன்னு எழுதிக் கொடுங்க" என்றார். காவலர் கெஞ்சினார், "பஸ்ஸுல இடிச்சுதுங்க சார். இன்னிக்கே குடுக்கலைன்னா இன்ஸ்பெக்டர் கொன்னுடுவாருங்க."

தலைவர் அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், "இதைப் பிரிச்சா நம்ம ரிசல்ட் சரியாத்தான் இருக்கும். ஆனா கோர்ட்டுல ‘முத்திரை உடைஞ்சிருந்துதா?’ன்னு கேட்டா என்ன சொல்லுவ?" பொட்டலம் திரும்பிப் போனது. மேலிடத்திலிருந்து போனில் அவருக்குத் திட்டு விழுந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை, முடிவையும் மாற்றவில்லை. எந்த வகுப்பிலும் படிக்காத பாடத்தை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இப்படிப்பட்ட மனிதர்கள்தான் இந்தத் தொழிலைத் தாங்கி நின்றார்கள். 1952 ஆகஸ்டில் மானாமதுரையில், சென்னையிலிருந்து வந்த ரயிலின் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் புதைந்திருந்தது. இரண்டும் ஆளவந்தார் என்பவருடையவை என்று நிறுவ, சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணனின் பரிசோதனையும், ராணுவப் பதிவில் இருந்த கைரேகையும் உதவின. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய துணித் துண்டுகளையும் கம்பிகளையும் சேர்த்து, ஒரு பெண் உடம்பில் கட்டிவந்த குண்டு அது என்று காட்டியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் டாக்டர் பி. சந்திரசேகரன். 2000-ல் பத்ம பூஷண் பெற்றார், 2017-ல் மறைந்தார். நிகழ்விடத்துக்குத் தாமே போய்த் தரையில் குனிந்து தேடும் தலைவர் என்பதால் எங்களுக்கு அவர் முன்மாதிரி.

தலைவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கவும் கற்கவும் இடங்கள் மெதுவாகத்தான் வந்தன. கல்கத்தாவில் 1952-ல் முதல் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம், 1957-ல் மத்திய ஆய்வகம், 1960-ல் இந்தியத் தடய அறிவியல் கழகம். சாகர் பல்கலைக்கழகத்தில் 1959-ல் இந்தப் படிப்பு தொடங்கியது. டெல்லியில் 1970-களின் தொடக்கத்தில் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் ஒரு பயிற்சி நிறுவனம் வந்தது. காந்திநகரில் 2009-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் 2020-ல் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. மாநாட்டுக்குப் போனால் கட்டுரை வாசிப்பதைவிடச் சாப்பாட்டு வரிசையில்தான் நான் அதிகம் கற்றேன். வேறு மாநிலத்துக்காரர் ஒருவர், கோர்ட்டில் தான் தடுமாறிய கதையை மனம் திறந்து சொல்வார். அந்தத் தவறை நாங்கள் செய்யாமல் தப்பிப்போம்.

ஆனால் இவற்றில் கிடைத்த பயிற்சி பெரும்பாலும் சோதனை முறைகளைப் பற்றியது. ஒரு வட்டார ஆய்வகத்தின் பொறுப்பு எனக்கு வந்த அன்று, ஒரு சாவிக்கொத்தையும் ரொக்கப் பதிவேட்டையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நிலுவை வழக்குகள் அலமாரி நிறைய இருந்தன. எதை முன்னால் எடுப்பது, அவசரப்படுத்தும் அதிகாரிக்கு எப்படிப் பதில் சொல்வது, தவறு செய்த உதவியாளரைத் திருத்துவதா மறைப்பதா என்று சொல்லித்தர யாரும் இல்லை. தட்டுத் தடுமாறிக் கற்றேன். அந்தத் தடுமாற்றத்தின் விலையை யாரோ ஒரு விசாரணைக் கைதி கொடுத்திருப்பார் என்ற எண்ணம் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அமெரிக்காவில் இதே குறையை உணர்ந்த ஆய்வகத் தலைவர்கள் 1970-களின் தொடக்கத்தில் எஃப்.பி.ஐ. அழைப்பில் குவாண்டிகோவில் கூடினார்கள், 1974-ல் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதே பத்தாண்டில் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரிப் பொருட்களை அனுப்பிச் சோதித்தபோது, பல ஆய்வகங்கள் தவறான விடை சொன்னது தெரியவந்தது. அது மூடி வைக்கப்படவில்லை, 1978-ல் வெளியிடப்பட்டது. 1982 முதல் அந்தச் சங்கத்தார் ஆய்வகங்களுக்குத் தரச் சான்று கொடுக்கத் தொடங்கினார்கள். 2009-ல் அந்நாட்டு தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, ஆய்வகங்கள் காவல் துறையின் பிடியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அதைப் படித்த நாளில் சென்னையின் 1849-ஐ நினைத்துக்கொண்டேன். அந்தப் பழைய ரசாயனக் கூடத்தின் வழிவந்த நம் துறை, உள்துறையின் கீழ் இருந்தாலும் காவல் துறைக்கு வெளியே, விஞ்ஞானி ஒருவரின் தலைமையில் நிற்கிறது. முன்னோர் விட்டுப்போன சொத்து இது. என் தலைவர் அன்றைக்குப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்ப முடிந்ததும் இதனால்தான்.

இந்தச் சொத்தின் மேல் இப்போது பாரம் கூடியிருக்கிறது. அரசு நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலே கோர்ட் சான்றாக ஏற்கலாம் என்பது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவிலிருந்து 1973 சட்டத்தின் 293 வழியாக வந்த சலுகை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம். ஆட்கள் வேண்டும், வண்டி வேண்டும், கருவி வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் ஒதுக்குவார்கள். தலைவர்களை உருவாக்கவும் ஒதுக்க வேண்டும். பொறுப்பேற்குமுன் மூன்று மாதமாவது ஒரு மூத்த தலைவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும், கோர்ட்டில் குறுக்கு விசாரணையைக் கேட்க வைக்க வேண்டும், சொந்த ஆய்வகத்தின் தவறை எழுதி மேலே அனுப்பும் பழக்கத்தை ஊட்ட வேண்டும்.

என்னைத் தேடி வந்த அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு ஒன்றைத்தான் தெளிவாகச் சொன்னேன். "முதல் வாரம் உங்க ரூம்ல உட்காராதீங்கம்மா. பொட்டலம் வாங்குற மேசைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்க." அவர் குறித்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலத்துக்குப் போனார்.

போன மாதம் போன் செய்தார். குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது.

"சார், இன்னிக்கு ஒண்ணைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"கொண்டுவந்த காவலருக்கு டீ வாங்கிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.