புறம்போக்கு: கணக்குக்கு வெளியே, ஊருக்கு நடுவே

தருமபுரிப் பக்கத்தில் ஒருவனைப் 'புறம்போக்கு' என்று திட்டினால், எதற்கும் உதவாதவன் என்று பொருள். அதே ஊரின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஏரி புறம்போக்கு. ஓடை புறம்போக்கு. களம், மந்தைவெளி, மேய்க்கால், வண்டிப்பாதை, மயானம் எல்லாமே புறம்போக்கு. இவற்றை எடுத்துவிட்டால் ஊர் என்று மிஞ்சுவது என்ன?

புறம் என்றால் வெளி. போக்குதல் என்றால் விலக்குதல். வரி கணக்கிடும்போது வெளியே விலக்கி வைத்த நிலம் என்றே நான் இச்சொல்லைப் பிரித்துப் பொருள்கொள்கிறேன். சொல்லின் வயது எதுவானாலும் வழக்கம் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுக் கணக்கில் முதலில் மொத்த நிலம் வரும். பிறகு ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழிப்பார்கள். மீதிக்குத்தான் வரி. பொதுவில் ஆளும் நிலத்துக்கு யாரிடம் வரி கேட்பது என்ற நியாயம் அந்தக் கழித்தலில் இருக்கிறது.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் வயல்வயலாக அளந்து, உழுபவனிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை இந்த மண்ணில்தான் உருவாக்கினார்கள். தீர்வை கட்டும் நிலமே கணக்கின் நடுப்பொருள் ஆயிற்று. உழவே முடியாத கல்லாங்குத்தும், ஆலம்பாடி மாடுகள் மேய்ந்த மேய்ச்சல் வெளியும் ஒரே பெயரின் கீழ் ஓரத்துக்குப் போயின. தரிசின் கதை வேறு. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று அதற்கு இரண்டு பெயர்கள். இன்று கிடந்தாலும் நாளை உழவுக்கு வரலாம் என்ற நம்பிக்கை அவற்றில் ஒட்டியிருக்கிறது. புறம்போக்குக்கு அந்த நாளையும் இல்லை.

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரியதென்று நிறுவப்படாத பாதையும் நீர்நிலையும் அரசின் சொத்து என்று அறிவித்தது. ஊருடையதாக இருந்தது அரசுடையதாயிற்று. அங்கே குடிசை போட்டவருக்கு ஆக்கிரமிப்பு அறிவிப்பான 'பி மெமோ' வந்தது. எங்கள் பொது என்ற உணர்வு தளர்ந்த இடத்தில்தான் வசை முளைத்தது என்று கருதுகிறேன். 2017இல் சென்னையின் எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'புறம்போக்கு பாடல்' அந்த வசையை எதிர்த்தே எழுந்தது. அதற்காக அந்தப் பாடலை நெஞ்சார மதிக்கிறேன்.

கிராமக் கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2சி. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்குத் தரும் பட்டாவின் கணக்கு அது. புளிக்குப் பேர்போன தருமபுரியில் அதன் அருமை நன்றாகவே தெரியும்: நிலம் அரசுடையது, நிற்கும் புளியமரத்தின் காய் பட்டா பெற்றவருடையது, நிழல் வழியில் போகிற எல்லோருக்கும்.