ஊழியர் பயிற்சி: தரங்கம்பாடி முதல் பூந்தமல்லி வரை

போதகராகவோ குருவாகவோ உபதேசியாராகவோ பணிசெய்ய வருவோருக்கு வேத அறிவு, ஜெப வாழ்வு, ஒழுக்கம், மக்கள் தொண்டு ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் கற்பிப்பதே முழுமையான இறையியல் பயிற்சி. தமிழகத்தில் இதன் வரலாறு 300 ஆண்டுகளைக் கடந்தது. அயனம்பாக்கம், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்குப் புறநகரில் இன்று நடக்கும் ஊழியர் பயிற்சிகளுக்கும் வேர் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்பதற்காக வயதான வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானது இந்த வரலாற்றுக்கு வாய்த்த நல்ல தொடக்கம். அவர் பயின்ற ஜெர்மானிய நகரமான ஹாலேயில் பிராங்கே என்பவர் அநாதை இல்லம், பள்ளிகள், மருந்தகம் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் நடத்திவந்தார். சீகன்பால்குவும் ஆன்மாவுக்குச் செய்யும் ஊழியத்தையும் உடலுக்குச் செய்யும் ஊழியத்தையும் பிரிக்கக் கூடாது என்று மிஷன் மேலிடத்துக்கு எழுதி வாதாடினார். 1716இல் உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கடலூரில் பிறந்த ஆரோன் என்ற உபதேசியார் 1733 டிசம்பரில் போதகராக அபிஷேகம் பெற்றார். புராட்டஸ்டன்ட் சபையில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர்.

19ஆம் நூற்றாண்டில் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப், 1840களில் சாயர்புரத்தில் நடத்திய பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும்கூடப் பாடங்களாக இருந்தன. மதுரைப் பகுதியின் அமெரிக்க மிஷன், 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய பள்ளியை 1845இல் பசுமலைக்கு மாற்றியது. வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி 1827இல் டென்மார்க் அரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது. 1910இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி உருவாயிற்று. படிப்பின் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் தேர்வெழுதித் திரும்பும் இளைஞருக்கும் அவரை எதிர்பார்த்திருக்கும் கிராமத்துச் சபைக்கும் இடையே இடைவெளி விழுந்ததும் உண்மைதான்.

இந்தக் குறையைத் திருச்சபையே வாய்விட்டு ஒப்புக்கொண்ட இடம் தாம்பரம். 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாடு, ஊழியர் பயிற்சியே மிஷன் பணியின் மிக நலிந்த பகுதிகளுள் ஒன்று என்று கண்டது. சென்னையில் பணியாற்றிய அயர்லாந்து மெதடிஸ்ட் மிஷனெரி சார்லஸ் ரான்சன், அதே ஆண்டில் இந்நகர மக்களின் சமூக வாழ்வைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அடுத்து இந்தியப் போதகர்களின் நிலையை ஆராய்ந்து 1945இல் இன்னொரு நூல் எழுதினார். நகரத்து ஏழைகளைப் பற்றி எழுதிய கையே போதகர் பயிற்சியைப் பற்றியும் எழுதியது தற்செயல் அல்ல என்றே கொள்ள வேண்டும். 1958இல் 40 லட்சம் டாலரில் தொடங்கிய உலக இறையியல் கல்வி நிதிக்கும் அவரே முதல் இயக்குநரானார்.

போதகர் பயிற்சியை மக்கள் வாழ்வோடு இணைக்கும் இந்தச் சிந்தனை தமிழில் மிகத் துணிவாகச் செயலுக்கு வந்தது மதுரை அரசரடியில். நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இயங்கிய இறையியல் கல்லூரியும், சென்னைக் குருகுலம் என்ற லுத்தரன் இறையியல் கல்லூரியின் தமிழ்வழி வகுப்பும் இணைந்து 1969இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆயின. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் இது. இங்கே இறையியலைத் தமிழிலேயே பயிலலாம். படிப்புக்காலத்தில் மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதிகளில் மக்கள் நடுவே வீடெடுத்துத் தங்குவார்கள். தண்ணீர்க் குழாய் வரிசையும் ரேஷன் கடையும் அண்டைவீட்டுக் கடன்தொல்லையும் அவர்களுக்கு அப்போது அன்றாடம். அந்த அனுபவத்தோடு வேதத்தைத் திறக்கும்போது கேள்விகளே வேறாகிவிடுகின்றன. கல்லூரி முதல்வராக இருந்த சாம் அமிர்தம், பின்னாளில் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்விப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

'பரட்டை' என்று மாணவர்கள் அன்போடு அழைத்த ஜே. தியோபிலஸ் அப்பாவு இக்கல்லூரியின் பேராசிரியர். 2005இல் மறைந்தார். நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சோறு பொங்கி, சாதி பாராமல் எல்லாரும் சேர்ந்து உண்பதையே தம் இறையியலின் நடுவில் வைத்தார். பந்தியில் ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திருவிருந்தின் பொருளை விளங்கவைக்க இதைவிட நேரான வழி இல்லை.

கத்தோலிக்கக் குருமடங்களில் மாற்றம் ரோமையிலிருந்து வந்தது. பூந்தமல்லி திரு இருதயக் குருமடம் 1936இல் நிறுவப்பட்டது. அயனம்பாக்கத்துக்கு அருகில் உள்ள பழைய பயிற்சி நிறுவனம் அதுவே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருத்துவப் பயிற்சிக்குப் புதிய ஆணை தந்தது. 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப் பணி என்று பயிற்சியின் நான்கு தளங்களை வகுத்தார். மனிதப் பண்பையே அவர் மற்றவற்றுக்கு அடித்தளம் என்றார்.

பெரிய திருச்சபை அமைப்புகளைச் சாராத தனிச் சபைகளின் ஊழியர்களில் பலருக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்க வசதி இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து சபை நடத்துவோரும் அவர்களில் உண்டு. 1960களில் குவாத்தமாலாவில் பிறந்த விரிவாக்க இறையியல் கல்வி இத்தகையோருக்கென்றே உருவான முறை. இந்தியாவில் 1971இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ அமைப்பு அதைப் பரப்பியது. வீட்டில் பாடம் படித்து, குறித்த நாளில் சிறு குழுவாகக் கூடி, கற்றதைத் தம் சபையில் நடந்ததோடு வைத்துப் பேசுவார்கள்.