எந்தப் பக்கத்து நீர்?

யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து திருப்தியடைவது வழக்கம். எந்தத் திசையில் என்று கேட்டவர்களை நான் கண்டதில்லை. கனடாவில் நடந்த ஒரு துயரத்தைப் பற்றி வாசித்த பின்னரே நானும் அதைச் சிந்தித்தேன்.

டிஜோன் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்த பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயினூடாக நீரைச் செலுத்தி, அதன் ஓட்ட விதியை 1856 இல் வெளியிட்டார். மணலின் ஊடுபுகவிடுமியல்பைக் குறிக்க அவருக்கு ஓர் எண் போதுமாயிருந்தது. படைபடையாகப் படிந்த பூமிக்கு அது போதாது. கிடையாக இலகுவில் ஓடும் நீர், களிமண் படையைக் கடந்து கீழிறங்கச் சிரமப்படும். அணைக்கட்டுக் கசிவு பற்றி 1937 இல் எழுதிய ஆதர் காசகிராண்டே, வரைபடத்தைக் கிடையாகச் சுருக்கி இவ்வேறுபாட்டைக் கணக்கில் சமாளிக்கும் உபாயத்தை விளக்கினார்.

1984 இல் அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் மொட்ஃப்ளோ கணினி நிரல் வந்தது. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கிடைக்கு ஓர் எண்ணும் நிலைக்குத்துக்கு ஓர் எண்ணும் இடவேண்டும். அளந்த தரவு இல்லாதபோது, நிலைக்குத்தைக் கிடையின் பத்திலொன்றாக இடுவது பலரின் வழக்கம். வசதிக்காக இட்ட எண் பின்னர் உண்மைபோல் உலாவும். எங்கள் தொழிலில் 'என அறியப்படுகிறது' என்ற சொற்றொடரைப்போல!

2000 மே மாதம், ஒன்ராறியோ மாகாணத்தின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில், பெருமழைக்குப் பின் மாட்டெருவின் கிருமிகள் குடிநீர்க் கிணற்றில் கலந்தன. 7 பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். குளோரின் கண்காணிப்பில் நடந்த தவறுகளே செய்திகளில் பெரிதாக வந்தன. நான் கவனித்தது வேறு. சம்பவத்தின் பின், 30 நாட்களில் கிணறுகளை வந்தடையும் நீர் எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்று மொட்ஃப்ளோ மூலம் கணித்தார்கள். பிறகு நிலத்தடி நீரில் சாயம் கலந்து பார்த்தபோது, அது கணிப்பைவிடப் பல மடங்கு விரைவாக வந்துசேர்ந்தது. நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளைப் பிடித்து ஓடியிருந்தது. திசைக்குத் திசை எந்த எண்ணை மாற்றி இட்டாலும், கட்டம் முழுவதிலும் நீர் சீராகப் பரவுகிறது என்ற அனுமானம் அங்கே பொருந்தவில்லை.

யாழ்ப்பாணத்தின் அடியிலும் சுண்ணாம்புப் பாறைதான். எங்கள் வளவுக் கிணற்றுக்கும் அயல்வீட்டுக் குழிக்கும் உள்ள தூரம் எனக்கு மனப்பாடம். ஊற்றுக்கண் எந்தப் பக்கம் திறந்ததென்று, கிணறு வெட்டியவரிடம் எவரும் கேட்டுவைக்கவில்லை.